காதுக்குப் பின்னால் ஒரு செடி

புகைப்படம் எடுப்பதற்காக, ஆறிப்போன சொறியை ஒரு மனிதருக்கு மறுபடி வரவழைத்தவன் நான். தொழில், தோல் மருத்துவம். கைதவறி நடந்தது என்று சொல்ல வழியில்லை, தெரிந்தேதான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது இது ஞாபகம் வரக் காரணம் என் காது. சில வாரங்களாகக் கண்ணிமையிலும் கழுத்திலும் அரிப்பு. புனேயில், நான் குடியிருக்கும் வானவடியில் ஒரு இளம் தோல் மருத்துவரிடம் போனேன். ஓய்வு பெற்ற தோல் மருத்துவன் இன்னொரு தோல் மருத்துவரிடம் போவது, ஓய்வு பெற்ற சமையல்காரர் ஓட்டலுக்குச் சாப்பிடப் போவது மாதிரி. உப்பு எங்கே குறைகிறது என்று பார்க்கத்தான் மனம் அலையும். அந்தப் பெண் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "ஒரு நிமிஷம் அங்கிள்" என்று என் காது மடலை முன்பக்கமாக மடக்கிப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த கைப்பேசியை எடுத்தாள். நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் நாலைந்து படம் எடுத்து என்னிடமே காட்டினாள். எழுபது வயதைத் தாண்டிய பிறகு என் காதின் பின்புறத்தை முதல்முறையாகப் பார்த்தேன். சிவந்து, தடித்து, எனக்கு மிகவும் பழக்கமான ஒரு முகம் போல இருந்தது.

அந்தக் காது மடக்கும் வித்தையை ஒருகாலத்தில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். முகம் சிவந்து ஒருவர் வந்தால், காரணம் வெயிலா, காற்றில் வரும் செடித் தூளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெயில் நேராக விழும் இடத்தைத்தான் சுடும். மூக்கு, கன்னம், நெற்றி. காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், மேல் இமையின் மடிப்பில் அதற்கு வேலையில்லை. செடித் தூள் அப்படியல்ல. மடிப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் உட்காரும். காதை மடக்கினால் பாதி விசாரணை முடிந்துவிடும். தொண்ணூறுகளில் இது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை ஒருவர் சட்டென்று திரும்பி, "காய் ஜாலா?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். உங்கள் காது நன்றாக இருக்கிறது என்று எந்த மொழியில் சொன்னாலும் அடி விழும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

புனேயில் அப்போது செடிகள் எங்களுக்குக் குறைவில்லாமல் படியளந்தன. எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்று புறங்கை முழுக்கக் கறுப்புக் கோடுகளோடு வரும் ரசக்கடைக்காரர். செவ்வந்தி கட்டிக் கட்டி விரல்நுனி வெடித்த பூக்காரப் பெண்கள். இங்கே பிப்பா என்று சொல்லும் நம் சேராங்கொட்டையின் எண்ணெயை மூட்டுவலிக்குத் தடவிக்கொண்டு, வலி போய்க் கொப்புளம் வந்த பெரியவர்கள். எல்லாருக்கும் மேலே பார்த்தீனியம். மராத்தியில் காஜர் கவத், அதாவது கேரட் புல். இலை கேரட் இலை போல இருக்கும் என்பதைத் தவிர கேரட்டின் நல்ல குணம் ஒன்றும் அதற்குக் கிடையாது. மழை தொடங்கியதும் காலி மனைகளில் இடுப்புயரம் எழுந்து, வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூத்து நிற்கும். கசங்கினால் ஒரு கசந்த வாடை அடிக்கும். அந்தச் செடிதான் முருகேசனை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

முருகேசன் சாங்வியில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். முதல் முறை என் கிளினிக்குக்கு வந்தபோது, வெளியே மேகம் மூடிய மழைக்கால மாலையில், குடையை விரித்துப் பிடித்தபடியே உள்ளே நுழைந்தார். முகம் வெந்த பீட்ரூட் நிறம். இமைகள் வீங்கிக் கண் இரண்டும் கோடாகிவிட்டன. கூட அவர் மனைவி பேச்சியம்மாள்.

"முன்னாடி பாத்த டாக்டரு வெயில் ஆகாதுன்னு சொல்லிட்டாரு சார். அதான் கொடை."

"வெயிலே இல்லையே?"

"அதயேதான் நானும் கேக்கேன் டாக்டரய்யா," என்றார் பேச்சியம்மாள். "இவிய வீட்டுக்குள்ளயும் கொடையோடதான் திரியுதாவ. நேத்து சாமி கும்பிடையிலயும் கொடை. சாமிக்கே சிரிப்பாணி வந்திருக்கும்."

காதை மடக்கினேன். பின்னால் நெருப்பாக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் தொழிலில் அப்படித்தான். "அழகான கேஸ்" என்று சொல்லிக்கொள்வோம். அந்த அழகு எப்போதும் அடுத்தவர் உடம்பில் இருக்கும்.

காலையில் எங்கே நடக்கப் போவீர்கள் என்று கேட்டேன். ஆற்றங்கரைப் பாதை, கையில் ஒரு மூங்கில் கம்பு.

"கம்பு எதுக்கு? நாய்க்கா?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பேச்சியம்மாள் முந்திக்கொண்டார். "வழியெல்லாம் அந்த வெள்ளைப் பூச்செடி நிக்குதுல்லா, அதோட தலையெல்லாம் வாள் வீசுத மாதிரி வெட்டிக்கிட்டே போவாவ. கல்யாண வயசுல பொண்ணு இருக்கு, இவிய ராஜா மாதிரி யுத்தம் பண்ணுதாவ."

ஃபோர்மேன் வேலையில் நாளெல்லாம் யாரையும் அடிக்க முடியாத மனிதர், காலையில் அரைமணி நேரம் பார்த்தீனியத்தின் தலைகளைக் கொய்துகொண்டு போயிருக்கிறார். வெட்டிய தலைகள் தூளாகப் பறந்து அவர் இமைக்கும் காதுக்கும் வந்து பழிவாங்கியிருக்கின்றன.

உறுதி செய்ய முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தேன். செடியின் சாற்றை ஒரு வட்டில் நனைத்து, முதுகில் வைத்து, பிளாஸ்திரி போட்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பது. அதுவரை முதுகு நனையக் கூடாது. "குளிக்காம இருக்கணுமா?" என்று பேச்சியம்மாள் கேட்ட தொனியில், நான் அவர் கணவரை மதம் மாறச் சொன்னது போல இருந்தது. பிரித்தபோது பார்த்தீனியம் வைத்த இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு வட்டம், மேலே குட்டிக் கொப்புளங்கள். ஆற்றங்கரைப் பக்கமே போகக் கூடாது, கம்பு கூடவே கூடாது என்றேன். மருந்து கொடுத்தேன். ஆவணி பிறப்பதற்குள் முகம் தெளிந்துவிட்டது. குடையை மடக்கிப் பரணில் போட்டதாக வந்து சொன்னார்.

நடுவில் நான் செய்த காரியம் படம் எடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் தோல் மருத்துவர்கள் கூடும் மாநாடு ஒன்றில் முருகேசனைப் பற்றிப் பேசுவதாக இருந்தேன். பேச்சு என்றால் ஸ்லைடு. ஸ்லைடு என்றால் அதற்கென்று தனி ரோல், அதைக் கழுவக் கேம்ப் பகுதியில் ஒரே ஒரு கடை. பழைய கேமரா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். முகம், இமை, காது, கழுத்து, முதுகு வட்டம் என்று ஒரு ரோல் முழுவதும் முருகேசன்தான். ஒவ்வொரு படத்துக்கும் அவர் சிரித்தார். சிரிக்காதீர்கள் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரித்தார். கேமராவைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட தலைமுறை.

கடைக்காரர் ரோலைக் கழுவி என் முன்னால் தூக்கிப் பிடித்தார். "ஸாப், பூரா காலா ஹை." முழுக்கக் கறுப்பு. ரோலின் நுனி கேமராவின் பல்லில் மாட்டவே இல்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ரோல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. முருகேசன் அத்தனை தடவை இருட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

நேர்மையானவன் என்ன செய்வான்? கேஸை விட்டுவிடுவான். அல்லது படமில்லாமல் பேசுவான். நான் முருகேசனை வரச் சொன்னேன்.

"ஒரு கடைசிப் பரிசோதனை பாக்கி இருக்கு. மருந்தை நிறுத்திட்டுப் பழையபடி ஆத்தங்கரையில நடங்க. வருதா இல்லையான்னு பார்த்தாதான் உறுதியாச் சொல்ல முடியும்."

உறுதியாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. முதுகு வட்டமே சொல்லிவிட்டது. அது எனக்குத் தெரியும்.

"ஐப்பசியில மக கோமதிக்குக் கல்யாணம் வச்சிருக்கு சார்," என்றார்.

"அதுக்குள்ள சரியாயிடும்."

அவர் விரல்விட்டு நாள் எண்ணினார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்போ கம்பையும் எடுத்துட்டுப் போவலாமா சார்?"

"எடுத்துட்டுப் போங்க."

பள்ளிக்கு லீவு விட்ட பிள்ளை மாதிரி எழுந்து போனார். அந்த முகம்தான் இத்தனை வருடமாக என்னைத் தூங்கவிடாத முகம். வீங்கிய முகம் அல்ல.

ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது, முன்னைவிடப் பலமாக. இந்த முறை ரோலை மாட்டிவிட்டு, ரோலைத் திரும்பச் சுற்றும் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். முருகேசன் சிரித்தார். படங்கள் அற்புதமாக வந்தன. முகம்தான் சொன்னபடி கேட்கவில்லை. மாத்திரைக்கு மேல் மாத்திரை கொடுத்தும், கல்யாணத்தன்று இமை தடித்து, கன்னமெல்லாம் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

கோமதி ஒரு கணினி அலுவலகத்தில் வேலை பார்த்த பெண். பையனும் அங்கேதான். அவன் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்து விஷ்ராந்த்வாடியில் வீடு கட்டிக்கொண்டது. பிள்ளைகள் தாங்களே பார்த்து முடித்துக்கொண்டதில் பையனின் அம்மா ரங்கநாயகிக்கு ஏற்கெனவே பாதி மனதுதான். மண்டபத்தில் முருகேசனின் முகத்தைப் பார்த்ததும் மீதிப் பாதியும் போய்விட்டது. தொற்று வியாதியோ, பெரு வியாதியோ என்று பேச்சு கிளம்பியது. தாரை வார்க்கும்போது பெண்ணின் கைமேல் அப்பா கை வைக்க வேண்டும், அந்தக் கைக்குக் கீழே மாப்பிள்ளையின் கை. அது வேண்டாம் என்றார்கள்.

நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து போய், "இது தொத்தாதுங்க, நான் தோல் டாக்டர்" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

"டாக்டர்னா அப்புடித்தானுங்க சொல்லுவீங்க," என்றார் ரங்கநாயகி. "நாளைக்கு எம்பட பையனுக்கு வந்துச்சுன்னா, ஃபீஸும் நீங்கதான வாங்குவீங்க?"

இது எப்படி வந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் முருகேசனே, "முகூர்த்த நேரத்துல சண்டை வேண்டாம். தம்பி, நீ நில்லு," என்று தன் தம்பியை மணமேடைக்கு ஏற்றிவிட்டு இறங்கிவிட்டார்.

கெட்டிமேளம் கேட்டபோது அவரைத் தேடினேன். பந்திப் பக்கம் போனால் அங்கேயும் முகம் சுளிப்பார்கள் என்று மண்டப வாசலுக்குப் போயிருந்தார். தாறுமாறாக நின்ற ஸ்கூட்டர்களையும் மொபெட்டுகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார், பட்டு வேட்டியோடு. ஃபோர்மேன். என்னைப் பார்த்ததும் மதில் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு பார்த்தீனியம், பூத்து நின்றது.

"பாத்தியளா சார்? பத்திரிகை வைக்காமலே நம்ம ஆளு வந்துட்டான்."

நான் சிரித்தேன். என்ன செய்வது, அந்த நேரத்தில் அவரும் சிரித்தார்.

மாநாட்டில் என் பேச்சுக்குக் கைதட்டல். ஸ்லைடுகளில் முருகேசனின் கண்களை மறைத்துக் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தேன். அடையாளம் தெரியக் கூடாதாம், அவ்வளவு நாகரிகம். "அழகான கேஸ்" என்று மூத்தவர்கள் தோளில் தட்டினார்கள். பரிசாக ஒரு தோல் பை. தோல் டாக்டருக்குத் தோல் பை.

பொங்கலுக்குப் பிறகு முருகேசனும் பேச்சியம்மாளும் கிளினிக்குக்கு வந்தார்கள். முகம் தெளிந்திருந்தது. மேசைமேல் ஊரிலிருந்து வந்த அல்வாப் பொட்டலத்தை வைத்தார்கள். நெய் காகிதத்தில் ஊறிக்கொண்டிருந்தது. "உங்களாலதான் சார் இந்த முகம் திரும்ப வந்துச்சு," என்றார். அந்த நெய் வாசனையில் என்னால் உட்கார முடியவில்லை. ரோல் மாட்டாதது, கடைசிப் பரிசோதனை என்று ஒன்றுமே இல்லாதது, எல்லாவற்றையும் சொன்னேன்.

முருகேசன் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"படத்துக்காவ?"

"ஆமாம்."

"நல்லா வந்துச்சா?"

"வந்தது."

"கேட்டிருந்தா நானே போய் அதுல உருண்டிருப்பேனே சார். கல்யாணம் முடிஞ்ச மறுநாளு."

பேச்சியம்மாள் மேசைமேல் இருந்த அல்வாப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். நான் பார்த்த எந்தக் கோர்ட்டிலும் அவ்வளவு சரியான தீர்ப்பு சொன்னதில்லை.

பரிகாரமாக எனக்கு முதலில் தோன்றியது அசட்டுத்தனமானது. அடுத்த மழைக்காலத்தில் அதே ஆற்றங்கரைக்குப் போனேன். பார்த்தீனியத்தைக் கொத்தாகப் பறித்து முழங்கையிலும் கழுத்திலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். தினமும் போனேன். வேட்டி கட்டிய ஒருவர் செடியைப் பிடித்து உடம்பில் தேய்ப்பதைப் பார்த்து, பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இது எந்த வியாதிக்கு மருந்து என்று அக்கறையாகக் கேட்டார். எனக்கு ஒரு கடுகளவு தடிப்புகூட வரவில்லை. ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று ஒன்று வேண்டும். என் உடம்புக்கு எல்லாம் ஒத்துக்கொண்டது. கழுவாய்க்கும் ஒரு தகுதி வேண்டும் போல.

பிறகு கோமதியே ஒருநாள் வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழ் மூன்று மொழிகளில் காலை வைத்து நடக்கும்.

"அங்கிள், அப்பாகிட்ட சாரி சொல்லிட்டீங்க, டீக் ஹை. ஆனா எங்க வீட்ல அப்பா வந்தா இன்னும் தனி டம்ளர்தான், ஓரம் நசுங்கினது. மத்லப், அவர் போனப்புறம் சாஸு, என் மாமியார், அதை வெந்நீர்ல போட்டுக் கழுவுறாங்க. அப்பா இப்ப வர்றதையே விட்டுட்டார். அவங்ககிட்ட வந்து சொல்லுங்க, ஹிம்மத் இருந்தா, தைரியம் இருந்தா."

தனி டம்ளர் என்ற சொல் நம் ஊர்களில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடு காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு விஷ்ராந்த்வாடிக்குப் போனேன்.

ரங்கநாயகியின் கூடத்துச் சுவரில், காலண்டரைக் கழற்றிவிட்டு, முருகேசனைப் படமாக விழவைத்தேன். அதற்கு முன் கண்களின் மேலிருந்த கறுப்புப் பட்டைகளை உரித்து எடுத்திருந்தேன். காது, இமை, முதுகு வட்டம். செடியைத் தொட்டால்தான் வரும், மனிதரைத் தொட்டால் வராது. முகம் தெளிந்த பிறகு நான்தான் பொய் சொல்லி மறுபடி வரவழைத்தேன், படத்துக்காக. மாநாட்டில் பேசியதைவிடத் தெளிவாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். அங்கே இருந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை.

ரங்கநாயகி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வீங்கிக் கெடக்குது. சம்பந்தி சிரிக்கறாருங்களே?"

"கேமராவைப் பார்த்தா சிரிப்பார்ங்க."

"கல்யாண ஆல்பத்துல ஒண்ணுலகூட அவரு மொகத்தக் காணமுங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வேணும்னேதான் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க."

எழுந்து சமையலறைக்குப் போனார். எல்லாருக்கும் காப்பி வந்தது. எனக்கு மட்டும் ஓரத்தில் நசுங்கிய ஒரு எவர்சில்வர் டம்ளரில். கோமதி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செடியத் தொட்டவருக்குத் தொத்தாதுன்னு சொல்லீட்டீங்க. செரி," என்றார் ரங்கநாயகி. "தொட வெச்சவருக்குத்தானுங்க இனிமே தனி டம்ளரு."

குடித்தேன். நல்ல காப்பி.

தீபாவளிக்கு முருகேசன் மகள் வீட்டுக்கு வந்தார். எல்லாரும் குடிக்கும் டம்ளரில் அவருக்குக் காப்பி வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என் கையில் இருந்ததை அவர் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார். "என்ன சார், நம்ம டம்ளரு உங்களுக்குப் ப்ரமோஷன்ல வந்துட்டா?" என்று கேட்டு, இருமும் வரை சிரித்தார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. அவர் கொண்டுவரும் அல்வா அந்தக் கூடத்தில் எல்லார் கைக்கும் போகும், என் கையைத் தாண்டிப் போகும். கடைசிவரை அப்படித்தான். அதற்குப் பிறகு முருகேசனுக்கு நான் எந்த மருந்து எழுதினாலும், "ரோல் போட்டிருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டை வாங்குவார். ஒரு ஸ்லைடைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினார்கள். வீங்கிய முகத்தோடு, சிரித்தபடி, பெண்ணின் அப்பா.

ஆனால் தாரை வார்த்தது தம்பி கைதான். அதற்கு மாற்றுப் படம் கிடையாது.

முருகேசன் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ரங்கநாயகியும் இல்லை. விஷ்ராந்த்வாடி வீடு இருந்த இடத்தில் கார்கள் கீழேயும் மனிதர்கள் மேலேயும் இருக்கிற ஓர் உயரமான கட்டடம். ஆற்றங்கரைப் பாதையில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். கம்பு வீச ஒரு தலை இல்லை. கேம்ப் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். நான் மட்டும் வானவடியில், எங்கோ ஒரு காலி மனையிலிருந்து காற்றில் வந்த தூளை, இருபத்தைந்து வருடம் தாமதமாக, காதுக்குப் பின்னால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் புதிதாக ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். தெரியும் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காதுப் படத்தைக் கோமதிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அங்கிள்! அப்பா இருந்திருந்தா என்ன கேட்டிருப்பார் தெரியும்ல?"

"தெரியும். இப்பல்லாம் ரோல் கிடையாதும்மா."

இரண்டு பேரும் சிரித்தோம். வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன். அந்த நசுங்கின டம்ளர் எங்கே? வீடு காலி பண்ணும்போது எதிலோ போய்விட்டது, தேடிப் பார்க்கிறேன் என்றாள். இன்னும் கிடைக்கவில்லை. அதில் குடிக்க எனக்கு இப்போதுதான் தகுதி வந்திருக்கிறது.